ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடையும் குரல்

1

என் மகளின் குரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடைகிறது. சளி பிடித்தவர் குரலைப்போல அரை நிமிடம் கரகரக்கும், பிறகு தெளிந்துவிடும். முதல்முறை கேட்பவர்கள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். எனக்கோ அது உடையாமல் இருந்தால்தான் பயம்.

இன்று காலை மருத்துவமனையிலிருந்து மலாய் மொழியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. யாழினியின் கருவிக்கு ஓராண்டு நிறைகிறது, பரிசோதனைக்கு அழைத்து வரவும் என்பது அதன் சாரம். செய்தி என் தொலைபேசிக்குத்தான் வந்தது. ஆனால் அழைத்துப் போக யாழினி இப்போது வீட்டில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்போயில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். நானும் என் மனைவியும் உலு திராமில் இருக்கிறோம். காரில் போனால் அரை மணி நேரத் தூரம்தான். அரை மணி நேரத்தில் ஆறு முறை குரல் உடையும்.

ஊரில் இருப்பவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவன். இளவயதில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கெழுத மலேசியாவுக்கு, இந்த ஜொகூருக்கு வந்தேன். பிறகு தம்போயில் ஒரு தொழிற்சாலையின் சரக்கறைக்குப் பொறுப்பாளனாகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே பெட்டிகளை எண்ணினேன். மனைவி சரோஜா இங்கேயே பிறந்தவள், பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில். எங்களுக்கு யாழினி ஒருத்திதான். வயது இருபத்தாறு. பாலர் பள்ளியில் ஆசிரியை. பதினொரு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு இருக்கிறது.

2

என் பயம் இந்த நாட்டில் பிறந்ததில்லை. கப்பலில் என்னோடு வந்தது.

எங்கள் ஊர் அரிசி ஆலையில் கோவிந்தன் என்று ஒரு பையன் மூட்டை தூக்கினான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மூட்டையோடு நடந்துகொண்டிருக்கும்போதே விழுவான். உடல் வெட்டி வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். உடனே யாராவது "இரும்பு, இரும்பு" என்று கத்துவார்கள். ஆலைச் சாவிக்கொத்தை அவன் கைக்குள் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றுவிடும். சாவிதான் நிறுத்தியது என்று எல்லோரும் நம்பினார்கள். சாவி இல்லாவிட்டாலும் நின்றிருக்கும் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.

கோவிந்தன் சாவியோடுதான் படுப்பான். ஒருநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. பாயில் குப்புறக் கிடந்தான். சாவி கையிலேயே இருந்தது. "தூக்கத்துலயே போயிட்டான், கொடுத்து வெச்சவன்" என்றார்கள். எப்படிப் போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னை மட்டும் அந்தக் கேள்வி விடவில்லை.

யாழினி முதல்முறை விழுந்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். தட்டு உடைகிற சத்தம் கேட்டு நான் ஓடினேன். எனக்கு முன்பே சரோஜா மகளின் விரல்களைப் பிரித்து வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கோட்டைக்கும் பெக்கோக்குக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. சாவி மட்டும் எப்படி இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது? "அதைத் தூக்கிப் போடு" என்று கத்தினேன். சாவியை வாங்கி எறிந்துவிட்டு மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஆனால் அன்று இரவு அவள் தூங்கியபின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் மூச்சை எண்ணியவனும் நான்தான்.

பிறகு பதினான்கு ஆண்டுகள் மாத்திரைகள். ஒன்று மாற்றி ஒன்று, இரண்டு சேர்த்து, மூன்று சேர்த்து. மாத்திரை கூடும்போது பிள்ளை மந்தமாவாள், குறையும்போது விழுவாள்.

3

யாழினி ஒருநாள் பேருந்தில் விழுந்த பிறகுதான் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். தலையிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டி ஒரு வாரம் கவனித்தார்கள். நான்காம் நாள் வலிப்பு வந்தபோது நானும் அறையில் இருந்தேன். திரையில் இதயத் துடிப்பின் எண் எழுபத்தெட்டு என்று நின்றிருந்தது. உடல் இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த எண் ஓடத் தொடங்கிவிட்டது. நூற்றுப்பத்து, நூற்று முப்பது, நூற்று ஐம்பத்தாறு. வலிப்பு மூளையின் நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மருத்துவர் இளம் சீனப் பெண். ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். மூளையிலிருந்து கழுத்தின் இரண்டு பக்கமும் இதயத்துக்கும் வயிற்றுக்கும் ஒவ்வொரு நீண்ட நரம்பு இறங்குகிறது. மார்பின் இடப்பக்கம், காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சிறு கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை அந்தப் பக்கத்து நரம்பில் சுற்றிவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் மெல்லிய மின்சாரம் போகும். குரல்வளைக்குப் போகும் கிளையும் அந்த நரம்பிலேயே இருப்பதால் அந்த நேரத்தில் குரல் கரகரக்கும். கருவி இதயத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு திடீரென்று ஏறினால், வலிப்பு வருகிறது என்று எடுத்துக்கொண்டு, முறை வராவிட்டாலும் ஒருதரம் மின்சாரம் கொடுக்கும்.

"ஏன் இடப்பக்கம்?" என்று கேட்டேன்.

வலப்பக்க நரம்புக்கு இதயத்தின் வேகத்தின்மேல் பிடி அதிகம், அதைத் தொடுவது ஆபத்து என்றார். பல ஆண்டுகள் வலிப்பு வந்தால் இதயமும் களைக்கும் என்றார். சிலர் தூக்கத்திலேயே இறந்துபோவது உண்டு என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். கருவி அந்த ஆபத்தைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்கிவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். ஐம்பது ஆண்டுக்கு முன் அரிசி ஆலையில் யாரும் கேட்காத கேள்விக்கு ஜொகூரில் ஒரு சீனப் பெண் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்கான படிவம் எழுதும் இடத்தில் மலாய்ப் பெண் ஒருத்தி, "வாரிஸ்?" என்று கேட்டாள். இங்கே அந்தச் சொல்லுக்கு நெருங்கிய உறவினர், ஏதாவது ஆனால் தகவல் சொல்ல வேண்டிய ஆள் என்று பொருள். நன்றாகத் தெரியும். எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அன்று என் காது பட்டுக்கோட்டைக் காதாகிவிட்டது. மகளுக்கு அப்பன் வாரிசா? பேனாவைத் திறந்த கை அப்படியே நின்றது. என் அடையாள அட்டை இன்னும் சிவப்பு. நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. அதைப் பார்த்ததும் அவள் இன்னொரு தாளை எடுத்தாள். எனக்கு வேறு படிவமாம். இரண்டிலும் வாரிசு என்று என் பெயரை எழுதினேன்.

கம்பியைச் சுற்றியதும் மின்சாரத்தைக் கொடுத்துச் சோதிப்பார்கள். மிக அரிதாகச் சிலருக்கு அந்த நேரத்தில் இதயம் மெதுவாகலாம், ஒரு கணம் நிற்கவும் செய்யலாம், அதற்கு ஆயத்தமாகத்தான் இருப்போம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மிக அரிதாக என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் அரிதானவைதான். அறுவை நடந்தபோது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து என் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டிருந்தேன். என் நாடி தவறாமல் ஓடினால் அவளுடையதும் ஓடும் என்பதுபோல. சரோஜா, "என்னங்க, கைய விடுங்க, செவந்து போச்சு" என்று சொன்ன பிறகுதான் விட்டேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கருவியை ஓடவிட்டார்கள். அப்போது, "தண்ணி வேணும் ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகளின் குரல் முதல்முறையாக உடைந்தது. சரோஜா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

4

கருவியோடு ஒரு காந்தமும் கொடுத்தார்கள். கைக்கடிகார முகப்பு அளவில் கனமாக இருந்தது. எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு தமிழ்த் தாதி சொல்லிக்கொடுத்தாள்.

"அங்கிள், பிட்ஸ் வர்ற மாதிரி இருந்தா காந்தத்த மிஷின் மேல வெச்சு டக்னு எடுத்துருங்க. எடுத்தவொடன ஒரு எக்ஸ்ட்ரா கரண்ட் போகும். அங்கயே வெச்சிறாதீங்க லா. காந்தம் உக்காந்துக்கிட்டே இருந்தா மிஷின் தூங்கிரும்."

"எவ்வளவு தூரத்துல வெக்கணும்?"

"சும்மா இருக்கறப்ப ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்."

"பெரிய சாணா, சின்னச் சாணா?"

தாதி யாழினியைப் பார்த்தாள். யாழினி, "அப்பா ஸ்டோர்கீப்பர், அக்கா. அப்படித்தான்" என்றாள்.

காந்தம் எப்போதும் அவள்மேலேயே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மணிக்கட்டில் கட்டினாள். பள்ளியில் பிள்ளைகள் அதில் கிளிப்பை ஒட்டி விளையாடினார்கள். கைப்பையில் வைத்தால், விழும்போது கைப்பை எங்கே கிடக்குமோ. ஊரிலிருந்து கொண்டுவந்த என் சாவி கொடுக்கும் கடிகாரம் அந்தக் காந்தத்தோடு ஒரே மேசையில் கிடந்து நின்றே போனது. அப்போதாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சரோஜாவுக்கு வேறு கவலை. பெக்கோக் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். திருவிழாவில் மகளுக்குக் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டி, திருநீற்றுப் பையோடு ஒரு மண்டலம் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும் என்பது வேண்டுதல். பையைச் சிவப்புத் துணியில் அவளே தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அவளுக்கும் அதே நொடியில் தோன்றியிருக்க வேண்டும். காந்தத்தை அந்தப் பைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டோம்.

யாழினி சிரித்தாள். "அப்பா டெக்னாலஜி, அம்மா சாமி. ரெண்டும் ஒரே பேக்ல. பக்கா."

நான் அளந்தேன். கயிற்றைக் கழுத்தில் போட்டு நிற்கவைத்து நாடாவால் அளந்தேன். பை வயிற்றுக்கு மேலே தொங்கியது. கருவியிலிருந்து ஒரு சாணுக்கும் கூடுதலான தூரம். பெரிய சாண்தான். திருப்தியாக இருந்தது.

பெக்கோக் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை. பூசாரி கயிற்றை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். மந்திரம் சொல்லி மூன்று முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சும் தடித்த முடிச்சு. பிறகு யாழினியின் கழுத்தில் போட்டுவிட்டார். மூன்று முடிச்சில் கயிறு எவ்வளவு குறையும் என்று அன்று மட்டும் நான் கணக்குப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

5

அன்று இரவு சரோஜாவின் அண்ணன் வீட்டில் தங்கினோம். பெண்களெல்லாம் ஓர் அறையில் படுத்தார்கள். மறுநாள் காலை காரில் கிளம்பினோம். வலிப்பு இருப்பதால் யாழினி கார் ஓட்டக் கூடாது. நான்தான் ஓட்டினேன். அவள் முன்னால் என் பக்கத்தில், சரோஜா பின்னால்.

யாழினி பள்ளிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரோ ஒரு பயல் ஒட்டும் பசையைத் தலையில் தடவிக்கொண்ட கதை. அவள் இப்படி நீளமாகப் பேசி நாளாகியிருந்தது. குரல் உடையப்போவது தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். வகுப்பில் சட்டென்று திரும்பிப் பலகையில் ஏதாவது வரைவாளாம். அரை நிமிடம் முடிந்ததும் திரும்புவாளாம். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, கவனிச்சீங்களா?" என்றாள் சரோஜா பின்னாலிருந்து. "காலைலேர்ந்து புள்ளைக்குத் தொண்ட கரகரக்கவே இல்ல. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா."

"அலமாக், அம்மா! ஒடம்பு மிஷினுக்குப் பழகிருச்சு லா. போகப் போகப் பழகும்னு டாக்டர் சொன்னாங்கல்ல."

"பழக வெச்சது யாரு?"

"சரி, ஆத்தாவே."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. காரிலிருந்த கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஐந்து நிமிடம் போனது. குரல் தெளிவாகவே இருந்தது. இன்னொரு ஐந்து நிமிடம். அவள் இப்போது மெதுவாகப் பாடவும் தொடங்கியிருந்தாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு. ஒரு பிசிறில்லை. பழகிப்போனாலும் ஒரு சொல்லாவது கரகரக்க வேண்டாமா? பத்து நிமிடத்தில் ஒருமுறைகூடவா இல்லை? மகிழ்ச்சி எப்போது பயமாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

"யாழு, பை எங்கம்மா இருக்கு?"

"எந்தப் பை? ஹேண்ட்பேக்கா?"

"கழுத்துல போட்ட பை."

"இங்கதான்." மார்பின் இடப்பக்கம், காறையெலும்புக்குக் கீழே தட்டிக் காட்டினாள். "முடிச்சுப் போட்டதுல மேல ஏறிருச்சு. ஆடிக்கிட்டே இருக்குன்னு உள்ள பட்டையோட சேத்துப் பின் குத்திட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"நேத்துப் பூசையிலேர்ந்து. குனிஞ்சு கும்புடறப்ப சாம்பிராணிச் சட்டில விழப் பாத்துச்சு. ஏன் ப்பா?"

"ராத்திரி?"

"ராத்திரியும்தான். அம்மாதான கழட்டக் கூடாதுன்னாங்க."

நான் காரை ஓரத்துக்கு எப்படிக் கொண்டுவந்தேன் என்று நினைவில்லை. பின்னால் வந்த லாரி நீளமாக ஒலி எழுப்பிக்கொண்டு போனது. "எடு, அத எடு" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டைக்குள் கைவிட்டு ஊசியைத் திறக்கப் பார்த்தாள். விரல் வழுக்கியது. சரோஜா பின்னாலிருந்து எக்கி, "தள்ளு, தள்ளு" என்று இழுத்ததில் பட்டை கிழிகிற சத்தம் கேட்டது.

"எடுத்தாச்சு ப்பா. இப்ப என்ன..."

என்ன என்ற சொல்லில் குரல் உடைந்தது. காந்தம் விலகியதும் கருவி விழித்துக்கொண்டது. அந்தக் கரகரப்பை மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டோம். அவள் வழக்கம்போல வாயை மூடிக்கொள்ளப் பார்த்தாள். "பேசு, பேசிக்கிட்டே இரு" என்றேன். "என்னத்தப் பேச" என்று கரகரத்தாள். அதுவே போதுமாக இருந்தது.

முந்தைய மாலையிலிருந்து அந்த நிமிடம் வரை என் மகளுக்குக் காவல் இல்லை. இரவு முழுவதும் அவள் தூங்கியிருக்கிறாள். அந்த நேரத்தில் இதயம் ஓடத் தொடங்கியிருந்தால் கருவி பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கும். கோவிந்தனின் கையில் ஆலைச் சாவி. என் மகளின் மார்பில் திருநீற்றோடு காந்தம். சாவியாவது ஒன்றும் செய்யாது. இது காவல்காரனின் வாயைக் கட்டிப்போட்டிருந்தது, அதையும் நான்தான் நாடாவால் அளந்து போட்டுவிட்டிருந்தேன்.

சரோஜா பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். காந்தத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். திருநீறு மட்டும் இருந்த பையைக் கட்டி மகளின் கழுத்தில் திரும்பப் போட்டாள்.

"சாமிய நான் பாத்துக்கறேன். காந்தத்த நீங்க வெச்சுக்குங்க."

கார் மறுபடி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனபின் யாழினி சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ப்பா, ஒண்ணு சொல்லட்டா? நேத்துலேர்ந்து என் கொரலு என்கிட்ட இருந்துச்சு. நல்லாருந்துச்சு ப்பா."



6

மறுவாரம் மருத்துவமனையில் சொன்னோம். கருவியைச் சோதித்துப் பார்த்து, பழுது இல்லை என்றார்கள். தாதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அங்கிள், நான் என்ன சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள். குரல் விஷயத்தை யாழினி தானே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேசினாள். அவர் மின்சாரத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். பாடவோ மேடையில் பேசவோ வேண்டியிருந்தால் அந்தச் சில நிமிடம் மட்டும் காந்தத்தை வைத்துக்கொள்ளலாம், பிறகு மறக்காமல் எடுத்துவிட வேண்டும் என்றார். பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஒரு பாட்டுப் பாடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவள் கை மார்பிலிருந்து எப்போது கீழே இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டில் வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அந்தக் குறைவை வைத்துத்தான் அவள் தனியாகப் போகிறேன் என்றாள்.

"இருபத்தாறு வயசு ப்பா. என்னோட படிச்சவ ஒருத்தி சிங்கப்பூர்ல, ஒருத்தி ஆஸ்திரேலியாவுல. நான் தம்போய்தான கேக்கறேன்?"

"ராத்திரி?"

"கூட வேல செய்யற அக்கா இருக்காங்க. காந்தம் அவங்களுக்கும் சொல்லிக் குடுத்தாச்சு."

"அவங்களுக்குத் தூக்கம் எப்படி? அசந்து தூங்குவாங்களா?"

"ப்பா!"

தாய் தகப்பனை விட்டுக் கடல் தாண்டி வந்தவன் நான். அரை மணி நேரத் தூரம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிறு அவள் பெட்டிகளைக் காரில் ஏற்றினேன். எல்லாம் ஒன்பது பெட்டி. இறக்கிய பிறகும் ஒருமுறை எண்ணினேன்.

தினமும்போல இன்று மாலை ஏழு மணிக்கு அவள் அழைத்தாள். மருத்துவமனைச் செய்தியைச் சொன்னேன். நானே போய்க்கொள்கிறேன், அங்கே உங்கள் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைக் கொடுக்கப் போகிறேன் என்றாள். சரி என்றேன். பேசவேண்டியது அவ்வளவுதான். தொலைபேசியை வைத்திருக்கலாம். ஆனால் குரல் இன்னும் உடையவில்லை.

என்ன குழம்பு என்று கேட்டேன். தண்ணீர் நன்றாக வருகிறதா என்று கேட்டேன். மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னாள். எல்லாம் தெளிவான, அழகான குரல். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போனது. நான்கு போனது. கேள்வி தீர்ந்துவிட்டது. துணி காய்ந்ததா என்று கேட்டேன். நான் தொலைபேசியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துச் சரோஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

பிறகு யாழினி சொன்னாள். "என்ன ப்பா, இன்னும் வரலியா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வாரம் முழுவதும், ஒவ்வொரு மாலையும், நான் எதற்காகக் கதையை இழுக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இருங்க, வரும்" என்றாள். அடுத்து ஏதோ சொல்லத் தொடங்கியபோது குரல் உடைந்தது.

வழக்கமாக அவள் வாயை மூடிக்கொள்ளும் இடம் அது. பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளும் இடம். இன்று அவள் திரும்பவில்லை. "துணி காஞ்சிருச்சு ப்பா, மடிச்சும் வெச்சிட்டேன், ரெண்டு சட்ட, ஒரு துண்டு, தலகாணி ஒற நாலு" என்று அந்தக் கரகரத்த குரலிலேயே எனக்காக ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், அரை நிமிடம் முடிகிற வரைக்கும்.